வேகத்தைத் தொட்டால் பிளரையும் தொட வேண்டும்: வீடியோ எடிட்டிங்கில் ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகன் சிலம்பம் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில், மைதானத்தில் அவன் கம்பு சுழற்றுவதைப் போனில் எடுத்தேன். நேரில் பார்த்தபோது கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, அவன் கையைச் சுற்றி விசிறி விரித்ததுபோல ஒரு வட்டம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டால் அந்த விசிறியைக் காணோம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், கம்பு கத்திபோலத் தெளிவாக, காற்றில் குத்தி நிறுத்தியதுபோல நின்றது. ஓடவிட்டால் வெட்டி வெட்டித் துள்ளியது. சரி, கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் நன்றாக இருக்கும் என்று 400 சதவீதம் வைத்தேன். கம்பு மெதுவாகப் பின்பக்கம் சுழல ஆரம்பித்துவிட்டது!

நான் எடிட்டிங்கில் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் அந்தக் கிளிப்பில்தான் இருக்கிறது. வேகமும் மோஷன் பிளரும் (அசையும் பொருள் படத்தில் மங்கி இழுபட்டுத் தெரிவது) இரண்டு தனித்தனி எஃபெக்ட் இல்லை, ஒரே விஷயம். கிளிப்பின் வேகத்தை மாற்றும்போதே அதன் பிளரின் அளவும் மாறிவிடுகிறது. அதைக் கவனித்துச் சரிசெய்தால் வீடியோ இயல்பாக ஓடும். கவனிக்காமல் விட்டால் எத்தனை பிளகின் (கூடுதல் மென்பொருள்) வாங்கிப் போட்டாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

இந்த வழிகாட்டியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பும் பின்னால் வரும்.

கம்பை வைத்து ஒரு சின்னக் கணக்கு

பையன் கம்பை விநாடிக்கு மூன்று சுற்று சுழற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுற்று என்றால் 1080 டிகிரி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே கம்பு 43.2 டிகிரி நகர்கிறது.

ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு, 1/50 விநாடி திறந்திருந்தால், அந்த நேரத்தில் கம்பு 21.6 டிகிரி நகரும். அந்த நகர்வு முழுவதும் ஒரே ஃபிரேமில் பதிவாகும். அதுதான் மோஷன் பிளர். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் சரிபாதியை அது நிரப்பிவிடுகிறது, மீதிப் பாதியைக் கண் தானே நிரப்பிக்கொள்கிறது.

அன்றைக்கு வெயிலில் என் போன் தானாகவே ஷட்டரை 1/2000 போல வைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கம்பு நகர்வது அரை டிகிரிதான். அதனால்தான் கம்பு கத்திபோலத் தெரிந்தது. 43 டிகிரி தாண்டி அடுத்த கம்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. கண்ணால் அதை இணைக்க முடியவில்லை.

இப்போது 400 சதவீதத்துக்கு வருவோம். வேகத்தை நான்கு மடங்காக்கினால் ரிசால்வ் ஒவ்வொரு நான்காவது ஃபிரேமை மட்டும் காட்டும். ஃபிரேமுக்கு ஃபிரேம் கம்பு 172.8 டிகிரி நகரும். நடுவில் பிடித்துச் சுழற்றும் கம்புக்கு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அரைச் சுற்று வந்தால் பழைய இடத்திலேயே இருப்பதாகத் தோன்றும். 180-க்கு 7.2 டிகிரி குறைவாக வருவதால், கம்பு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 7.2 டிகிரி பின்னால் போவதுபோல் தெரிகிறது. வண்டிச் சக்கரம் பின்னால் சுழல்வதுபோலத் தெரியும் அதே மாயம்தான். சரியான பிளர் இருந்திருந்தால் கம்பு விசிறியாக விரிந்திருக்கும், அது பின்னால் சுழல்வது இவ்வளவு துல்லியமாகக் கண்ணில் பட்டிருக்காது.

சினிமாக்காரர்கள் இந்த 'பாதி நிரப்பும்' அளவை 180 டிகிரி ஷட்டர் என்பார்கள். ஃபிலிம் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு தகடு சுழலும். அதில் அரைவட்டம் திறந்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேரத்தில் பாதி மட்டும் ஒளி விழும். கணக்கு எளிது: ஷட்டர் நேரத்தை ஃபிரேம் ரேட்டால் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) பெருக்கி, 360-ஆல் பெருக்கினால் ஷட்டர் ஆங்கிள் கிடைக்கும். 25 ஃபிரேமுக்கு 1/50 என்றால் 180 டிகிரி. அதே கிளிப்பை 200 சதவீதம் ஓட்டினால் அது 90 ஆகிவிடும், 400 என்றால் 45. மனதில் நிற்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான்.

பிளர் இல்லாவிட்டால் அசைவு எவ்வளவு பொய்யாகத் தெரியும் என்பதற்கு ஸ்டாப் மோஷன் பொம்மைகள் நல்ல உதாரணம். பொம்மையை நகர்த்தி, நிறுத்தி, படம் எடுப்பதால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும், அதனால் அசைவு வெட்டி வெட்டி வரும். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சினிமா விசுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் 1980களில் இதற்காகவே பொம்மைகளை மோட்டார்க் கம்பிகளில் பொருத்தி, ஷட்டர் திறந்திருக்கும்போதே நகரவைத்தார்கள். அதற்கு கோ மோஷன் என்று பெயர். கொஞ்சம் பிளருக்காக அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது

எடிட்டிங்கில் பிளரைச் சேர்க்கலாம். ஆனால் எடுக்கும்போது கேமராவில் விழும் பிளருக்கு எதுவும் ஈடாகாது. அதனால் படம்பிடிக்கும் முன்பே இந்தக் கிளிப்பை என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்துவிடுங்கள். கடைசி வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இயல்பான வேகத்திலேயே போகும் என்றால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50.

மெதுவாக்கப் போகிறீர்கள் என்றால் 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. இதைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது எடுத்த எல்லா ஃபிரேமும் பயன்படும், பிளரும் 180 டிகிரியிலேயே நிற்கும். ஸ்லோமோஷன் என்ற உத்தி பிறந்ததே இப்படித்தான். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆகஸ்ட் முஸ்கர் என்ற பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வேகமாகப் படம்பிடி, மெதுவாக ஓட்டு என்பதுதான் அடிப்படை. இன்றைக்கும் அதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

வேகமாக்கப் போகிறீர்கள் என்றால் 50 ஃபிரேம் வைத்து ஷட்டரை முழுக்கத் திறந்து 1/50-இல் எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு ஃபிரேமின் பிளர் முடியும் இடத்திலேயே அடுத்த ஃபிரேமின் பிளர் தொடங்கும். பின்னால் இந்த ஃபிரேம்களை ஒன்றாகக் கலக்கும்போது நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். எப்படிக் கலப்பது என்பது கீழே வருகிறது.

என்ன செய்யப்போகிறோம் என்றே தெரியாதா? 50 ஃபிரேம், 1/100. இரண்டு பக்கமும் ஓரளவு தாங்கும்.

போனில் இந்த எண்கள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் PAL ஃபார்மட்டுகளைக் காட்டும் வசதியை இயக்கினால் 25 வந்துவிடும். ஷட்டரைக் கையால் வைக்க பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் போன் 30, 60 மட்டும்தான் தருகிறது என்றால் அதே கணக்கை 30-க்கும் 60-க்கும் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையை மாற்ற முடியாது. எஃப் 1.8 லென்ஸ் (துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வின் அளவு) 50 என்றால் உச்சி வெயிலுக்குச் சரியான ஷட்டர் ஏறக்குறைய 1/4000. அதை 1/50-க்குக் கொண்டுவர ஒளியை எண்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் என்.டி. ஃபில்டர். என்.டி. 64 ஒன்று இருந்தால் வெயிலில் வேலை ஓடும். புதிதாக லைட், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) என்று வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன்.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னி மின்னி எரிகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் முழு மின்னலைப் பிடித்துவிடும், படம் நிலையாக இருக்கும். 60 ஃபிரேம் எடுக்கும்போது 1/120 வைக்காமல் 1/100 வையுங்கள். 120 ஃபிரேமில் இதற்கு வழியே இல்லை. ஷட்டரை முழுக்கத் திறந்தாலும் 1/120-க்கு மேல் போகாது, படத்தில் வெளிச்சம் அலை அலையாக ஓடும். கல்யாண மண்டபத்துக்குள் 120 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்க ஆசைப்பட்டால், முதலில் பத்து விநாடி எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

புராஜெக்டைத் தயார் செய்வது

ரிசால்வைத் திறந்து புதிய புராஜெக்ட் தொடங்கியதும், ஒரு கிளிப்பையும் உள்ளே போடுவதற்கு முன்னால், வலது பக்கம் கீழே உள்ள பல்சக்கர ஐகானை அழுத்துங்கள். மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஃபிரேம் ரேட்டை 25 என்று வையுங்கள். கிளிப்புகளைப் போட்ட பிறகு இதை மாற்ற ரிசால்வ் விடாது.

போன் வீடியோக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பல போன்கள் ஃபிரேம் ரேட்டைச் சீராக வைப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அப்படிப்பட்ட கிளிப்பின் வேகத்தை மாற்றினால் எங்கேயோ ஒரு இடத்தில் திக்கும், ஆடியோவும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றி எடுத்துவிடுங்கள்.

அப்புறம், போனின் ஸ்லோமோஷன் மோடில் எடுத்த கிளிப்பா? சில போன்கள் அதை ஏற்கெனவே மெதுவாக்கியே சேமித்துவிடும். மீடியா பூலில் (கிளிப்புகள் சேர்ந்திருக்கும் இடம்) கிளிப்பின் ஃபிரேம் ரேட் என்ன என்று பாருங்கள். 120-இல் எடுத்தது 30 என்று காட்டினால் வேலை முன்பே முடிந்துவிட்டது, மறுபடி 25 சதவீதம் வைக்காதீர்கள்.

மெதுவாக்குவது

கிளிப்பை டைம்லைனில் போட்டு, அதைத் தேர்ந்தெடுத்து, ஆர் விசையை அழுத்துங்கள். சேஞ்ச் கிளிப் ஸ்பீடு என்ற பெட்டி வரும். வேகத்தில் 50 என்று போடுங்கள். ரிப்பிள் டைம்லைன் என்பதில் டிக் வைத்தால் பின்னால் உள்ள கிளிப்புகள் நகர்ந்து இடம்விடும். வைக்காவிட்டால் கிளிப்பின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

என்ன எண் போடுகிறோம் என்பது முக்கியம். 50 ஃபிரேமில் எடுத்த கிளிப்பை 25 டைம்லைனில் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒருமுறை வரும், வெண்ணெய்போல ஓடும். 70 சதவீதம் வைத்தால் விநாடிக்கு 35 ஃபிரேம் இருக்கும், இடமோ 25-க்குத்தான். ஒரு இடத்தில் ஒன்றைத் தாவும், இன்னொரு இடத்தில் தாவாது. நடக்கிறவர் நொண்டுவதுபோல இருக்கும். 40 சதவீதம் வைத்தால் 20 ஃபிரேம்தான் இருக்கும், ஐந்து ஃபிரேம் இரண்டு முறை வரும். இந்தக் கிளிப்புக்கு 50-இன் மடங்குகள்தான் சுத்தமான எண்கள்: 50, 100, 150, 200. நடுவில் உள்ள எண் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை எடுத்தால் ரிசால்வ் ஃபிரேமைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கற்பனையை எங்கே அமைப்பது? கிளிப்பைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டரில் (கிளிப்பின் அமைப்புகளைக் காட்டும் பலகை) ரீடைம் அண்ட் ஸ்கேலிங் என்ற பகுதிக்குப் போங்கள். ரீடைம் பிராசஸ் என்பதில் மூன்று வழி இருக்கும். நியரஸ்ட் என்பது பக்கத்தில் உள்ள ஃபிரேமை அப்படியே காட்டும். சுத்தமான எண்ணுக்கு இது போதும், இதுதான் நல்லது. ஃபிரேம் பிளெண்ட் இரண்டு ஃபிரேமை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும், பேய் நிழல் தெரியும். ஆப்டிக்கல் ஃப்ளோ ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கணித்து, நடுவில் புதிய ஃபிரேமை வரைந்து கொடுக்கும்.

ஆப்டிக்கல் ஃப்ளோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் மயங்கும் இடம் இதுதான். முதன்முதலில் ஒரு கல்யாண வீடியோவில் மாலை மாற்றும் காட்சியை, 25 ஃபிரேமில் எடுத்ததை, ஆப்டிக்கல் ஃப்ளோ வைத்து 25 சதவீதத்துக்கு இறக்கினேன். முகங்கள் அழகாக வந்தன. ஆனால் மாலை பெண்ணின் கழுத்தைத் தாண்டும் இடத்தில் பூக்கள் உருகிக் கன்னத்தில் வழிந்தன, வளையல் கையைவிட்டு நீண்டு ஜெல்லிபோல ஆடியது. ஒரு பொருள் இன்னொன்றைக் கடந்துபோகும் இடத்தில் மென்பொருளுக்கு எது எதற்குப் பின்னால் போகிறது என்று தெரியாது. கடக்கும் கைகள், சக்கரத்தின் ஆரங்கள், கம்பி வேலி, தெறிக்கும் தண்ணீர், சுழலும் சிலம்பம் எல்லாவற்றிலும் இது உடையும். காற்றில் மெல்ல ஆடும் புடவை, வெறும் சுவருக்கு முன்னால் நடக்கும் ஒருவர், திரும்பும் முகம் என்றால் அருமையாக வரும். மோஷன் எஸ்டிமேஷனில் என்ஹான்ஸ்டு பெட்டர் வைத்துப் பாருங்கள், ரெண்டர் நேரம் கூடும், ஓரங்கள் கொஞ்சம் சுத்தமாகும். காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில் ஸ்பீடு வார்ப் என்று இன்னும் ஒரு படி மேலே உண்டு.

இன்னொன்றும் உண்டு. ஆப்டிக்கல் ஃப்ளோவுக்குக் கூர்மையான ஃபிரேம்தான் பிடிக்கும். 1/50-இல் எடுத்த மங்கலான கையை நான்கு மடங்கு நீட்டினால், மங்கலே நீண்டு ஊர்ந்து போகும். கற்பனை ஃபிரேமை நம்பித்தான் மெதுவாக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும், 1/200 அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் எடுப்பது நல்லது.

வேகமாக்குவது, அதற்கு பிளர் சேர்ப்பது

வேகமாக்குவது எளிது: அதே பெட்டியில் 200, 400 என்று போடலாம். பிளர் குறைந்துபோவதை ஈடுகட்டுவதுதான் வேலை. நான் அதிகம் நம்பும் வழி, ஃபிரேம்களை ஒன்றாகக் கலப்பது. எந்தப் பிளகினும் வேண்டாம், மென்பொருளின் கற்பனையும் இதில் கிடையாது. கேமராவில் உண்மையாக விழுந்த ஃபிரேம்களையே பயன்படுத்துகிறோம்.

1. 50 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுத்த கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய டைம்லைன் ஒன்றை உருவாக்கி, புராஜெக்ட் செட்டிங்ஸைப் பயன்படுத்துவதற்கான டிக்கை எடுத்துவிட்டு, அந்த டைம்லைனுக்கு மட்டும் 50 ஃபிரேம் வையுங்கள்.

2. கிளிப்பை முதல் வீடியோ டிராக்கில் போடுங்கள். அதற்கு மேல் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது டிராக்குகளில் அதே கிளிப்பின் நகல்களை நேராக வையுங்கள். நகல்களின் ஆடியோவை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி கேட்கும்.

3. இரண்டாவது டிராக்கில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து முற்றுப்புள்ளி விசையை ஒருமுறை அழுத்துங்கள், ஒரு ஃபிரேம் வலப்பக்கம் நகரும். மூன்றாவதை இரண்டு முறை, நான்காவதை மூன்று முறை.

4. இன்ஸ்பெக்டரில் ஒப்பாசிட்டியை (கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) மாற்றுங்கள். கீழே உள்ளது 100, அதற்கு மேல் 50, அப்புறம் 33, உச்சியில் 25. இந்த எண்களை வைத்தால்தான் நான்கு ஃபிரேமும் சமமாகக் கலக்கும். எல்லாவற்றுக்கும் 25 வைத்தால் படம் இருண்டுவிடும்.

5. டெலிவர் பக்கத்தில் இதை 50 ஃபிரேமிலேயே, நல்ல தரத்தில் ஒரு கோப்பாக எடுங்கள். அதை மீடியா பூலில் இறக்கி, உங்கள் 25 டைம்லைனில் போட்டு, வேகம் 400, ரீடைம் பிராசஸ் நியரஸ்ட் என்று வையுங்கள்.

இப்போது நம் கம்புக் கணக்கைப் பாருங்கள். 400 சதவீதத்தில் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு எட்டு அசல் ஃபிரேம் தூரம். அதில் நான்கைக் கலந்துவிட்டோம். ஒவ்வொன்றிலும் கம்பு 21.6 டிகிரி, நான்கும் ஒட்டி 86.4 டிகிரி விசிறி. 172.8-இல் சரிபாதி. 180 டிகிரி ஷட்டர் திரும்ப வந்துவிட்டது! 50-இல் எடுத்து 25-இல் ஓட்டும்வரை, எத்தனை மடங்கு வேகமோ அத்தனை அடுக்கு வைத்தால் போதும். இரண்டு மடங்குக்கு 100, 50 என்று இரண்டு அடுக்கு.

கூர்மையான ஷட்டரில் எடுத்த கிளிப்பில் இதைச் செய்தால் விசிறிக்குப் பதில் நான்கு தனித்தனிக் கம்புகள் தெரியும். அப்படிப்பட்ட கிளிப்புக்குப் புள்ளிகளின் நகர்வைக் கணித்துப் பிளர் போடும் கருவி வேண்டும். ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்பில் கலர் பக்கத்தில் மோஷன் எஃபெக்ட்ஸ் பகுதியில் மோஷன் பிளர் இருக்கிறது. இலவசப் பதிப்பில் அது கிடையாது. வேகம் மாற்றிய கிளிப்பை முதலில் காம்பவுண்ட் கிளிப்பாக்கி (மாற்றத்தோடு சேர்த்து ஒரே கிளிப்பாக மூடி), அதன்மேல் இந்த பிளரைப் போடுங்கள். அப்போதுதான் மாறிய வேகத்துக்கு ஏற்ற அளவில் பிளர் விழும்.

நீங்களே உண்டாக்கும் அசைவுக்கு பிளர்

புகைப்படத்தைச் சட்டென்று பெரிதாக்குவது, எழுத்து பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வருவது போன்றவை கேமராவில் நடந்த அசைவு இல்லை, கீஃப்ரேம் வைத்து, அதாவது இந்த ஃபிரேமில் இந்த அளவு என்று குறித்து, நாம் உண்டாக்கியது. இதற்கு இலவசப் பதிப்பிலேயே அசல் மோஷன் பிளர் கிடைக்கும்.

கிளிப்பின்மேல் பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் நேர்க்கோடு) வைத்து ஃபியூஷன் பக்கத்துக்குப் போங்கள். மீடியா இன், மீடியா அவுட் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட்-ஸ்பேஸ் அழுத்தி, டிரான்ஸ்ஃபார்ம் என்று தட்டிச் சேருங்கள், நடுவில் வந்து உட்காரும். சைஸ் பக்கத்தில் உள்ள கீஃப்ரேம் குறியை அழுத்தி, ஆரம்பத்தில் 1, எட்டு ஃபிரேம் கழித்து 1.4 என்று வையுங்கள். பிறகு இன்ஸ்பெக்டரில் அதே டிரான்ஸ்ஃபார்மின் செட்டிங்ஸ் தாவலுக்குப் போனால் மோஷன் பிளர் என்ற டிக் பெட்டி இருக்கும். அதை இயக்குங்கள். ஷட்டர் ஆங்கிள் 180 என்றே விடலாம். குவாலிட்டி மட்டும் 2 என்று இருக்கும், அது போதாது, ஓரம் படிக்கட்டுபோலத் தெரியும். 8 அல்லது 10-க்கு ஏற்றுங்கள்.

டைரக்ஷனல் பிளர் என்ற எஃபெக்டைப் பலர் மோஷன் பிளர் என்று நினைத்துப் போடுகிறார்கள். அது படம் முழுவதையும் ஒரே திசையில் இழுக்கும், அசையாத பின்னணியையும் சேர்த்து. கேமராவே சரேலென்று திரும்பும் காட்சியில், இரண்டு ஷாட்டை இணைக்க நான்கைந்து ஃபிரேமுக்கு அதைப் போடலாம். ஓடும் ஆளுக்குப் போட்டால் அவருக்குப் பின்னால் இருக்கும் மரமும் ஓடும்.

ஒரே கிளிப்பில் வேகம் மாறுவது

ஸ்பீடு ராம்ப் என்று எல்லோரும் கேட்பது இதைத்தான். கிளிப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள், மேக் என்றால் கமாண்ட்-ஆர். கிளிப்பின்மேல் அம்புக்குறிகள் வரிசையாகத் தெரியும், கீழே 100% என்று இருக்கும். வேகம் மாற வேண்டிய இடத்தில் பிளேஹெட்டை வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணத்தை அழுத்தி ஆட் ஸ்பீடு பாயிண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரும்ப வேகம் மாற வேண்டிய இடத்தில் இன்னொன்று. கிளிப் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றின் முக்கோணத்திலும் சேஞ்ச் ஸ்பீடு வழியாக எண்ணைக் கொடுக்கலாம். ஸ்பீடு பாயிண்டின் மேல் கைப்பிடியை இழுத்தால் வேகம் மாறும், கீழ்க் கைப்பிடியை இழுத்தால் வேகம் மாறாமல் அந்தப் புள்ளி வேறு ஃபிரேமுக்கு நகரும்.

இப்படியே விட்டால் பிரேக் பிடித்ததுபோல மாறும். கிளிப்பில் வலது கிளிக் செய்து ரீடைம் கர்வ் திறந்து, அதன் மெனுவில் ரீடைம் ஸ்பீடு கோட்டை மட்டும் காட்டச் செய்யுங்கள். புள்ளியைத் தேர்ந்தெடுத்து வளைவு ஐகானை அழுத்தி, கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமுக்கு இழுங்கள்.

எங்கே மெதுவாக்குவது? அடி விழும் கணத்தில் மெதுவாக்கத்தான் கை போகும். அதற்குச் சற்று முன்னாலேயே மெதுவாக்கிவிட்டு, அடி விழும்போது வேகத்தைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். சிலம்பக் கிளிப்பில் பையன் எகிறிக் குதித்து உச்சிக்குப் போகும் முன் 50-க்கு இறக்கினேன், கால் மண்ணைத் தொடும் ஃபிரேமில் 100-க்கு வந்தேன். மண் தெறிப்பது முழு வேகத்தில் நடந்ததால் அந்தக் குதிப்புக்கு எடை வந்தது.

ராம்பில் வேகமான பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் பிளர் வேண்டும். நான்கு அடுக்குக் கோப்பை எடுக்கும்போது தலைப்பகுதியை வெட்டாமல் எடுத்தால், அதன் ஃபிரேம் எண்ணும் அசலின் ஃபிரேம் எண்ணும் ஒத்துப்போகும். வேகமான பகுதிக்குக் கலந்த கோப்பு, மெதுவான பகுதிக்கு அசல் கோப்பு. கலந்த கோப்பை வளைவு வைத்து 400-இலிருந்து 200-க்கு இறக்கி, அங்கே வெட்டி, அசலை 200-இலிருந்து 50-க்குக் கொண்டுபோங்கள். வேகம் ஒத்திருக்கும் இடத்தில் வெட்டுவதால் இணைப்பு கண்ணில் படாது.

ஆடியோ

வேகம் மாற்றும் முன் கண்ட்ரோல்-ஆல்ட்-எல் அழுத்தி ஆடியோவைப் பிரித்துவிடுங்கள். குரல் கீச்சிடாமல் காக்கும் பிட்ச் கரெக்ஷன் இருக்கிறது, 110 சதவீதத்துக்கு அது போதும். 400-க்கு எதுவும் உதவாது. கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தத்தைத் தனியாக, போனைப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் மாறும் இடத்தில் அந்தச் சத்தம் ஒன்று சேர்ந்தால், படத்தில் உள்ள சின்னக் குறையும் மறைந்துபோகும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

பிரீமியரில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் ஸ்பீடு பெட்டி வரும். டைம் இண்டர்பொலேஷனில் அதே மூன்று வழிகள் இருக்கின்றன. ராம்புக்கு டைம் ரீமேப்பிங். கீஃப்ரேம் அசைவுக்கு பிளர் வேண்டுமென்றால், மோஷன் பகுதியில் கீஃப்ரேம் வைக்காமல் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டைப் போட்டு அதில் வையுங்கள். காம்போசிஷனின் ஷட்டர் ஆங்கிளைப் பயன்படுத்தும் டிக்கை எடுத்துவிட்டு 180 கொடுக்க வேண்டும். வார்ப் ஸ்டெபிலைசரும் வேக மாற்றமும் ஒரே கிளிப்பில் சேராது. ஒன்றைச் செய்து நெஸ்ட் ஆக்கி (காம்பவுண்ட் கிளிப் போல), அதன்மேல் மற்றதைச் செய்யுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எடுத்த காட்சிக்குப் பிக்சல் மோஷன் பிளர் இருக்கிறது. ரீல்ஸ்மார்ட் மோஷன் பிளர் என்ற பிளகின் பல மென்பொருள்களில் ஓடும். இவையும் கணித்துத்தான் போடுகின்றன, ஆப்டிக்கல் ஃப்ளோ உடையும் அதே இடங்களில் இவையும் உடையும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது

பிளர் போதுமா என்று ஃபிரேமை நிறுத்திவைத்துப் பார்க்காதீர்கள். நிறுத்திப் பார்த்தால் நல்ல பிளரும் அதிகமாகத்தான் தெரியும். பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷை ஸ்மார்ட் என்று வைத்து, டைம்லைனின் மேல் உள்ள சிவப்புக் கோடு நீலமாகும்வரை காத்திருந்து, முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கணினி திணறும்போது தெரியும் துள்ளலை கிளிப்பின் குறை என்று நினைத்து நான் பல மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

டைம்லைன் 25 என்றால் எக்ஸ்போர்ட்டும் 25. எடுத்த கோப்பைப் போனுக்கு அனுப்பி அங்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகமான பகுதியில் கம்பு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். முன்பக்கம் என்று சொன்னால் சரி. பின்பக்கம் என்றால் வேகத்தை 400-இலிருந்து 450-க்கு ஏற்றி மறுபடி காட்டுங்கள்.